எலுமிச்சைச் சொறி நோயின் பூர்வீகம்



வில்லியனூர், பாகூர் பக்கத்தில் நெல்லும் கரும்பும்தான் நம் பிழைப்பு என்றாலும், கிணற்றடியிலோ கொல்லையிலோ ரெண்டு எலுமிச்சை மரம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கீங்க. அந்த மரத்துப் பழத்திலே, தக்கை மாதிரி சொரசொரப்பாகப் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. இலையிலும் அதே புள்ளிதான். அதைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். இதுதான் சொறி நோய். பழத்தின் தோலோடு சரி, சாறு கெடுவதில்லை. சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் சந்தையிலே வியாபாரி கூடையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளிப்பார், விலை இறங்கிவிடும்.

இதற்கு என்ன மருந்து என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பீங்க. மருந்தைக் கடைசியில் சொல்றேன். அதற்கு முன்னால், இந்த நோய் எங்கே பிறந்தது, எப்படி ஊர் ஊராகப் போனது என்கிற வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். அது தெரிந்தால், கன்று வாங்கும்போது என்ன கேட்கணும் என்பதும், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப ஏன் அடிக்கக் கூடாது என்பதும் தானே விளங்கும்.

காய்ந்த இலை சொன்ன சாட்சி

சொறி நோயை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா. சாந்தோமோனாஸ் சிட்ரி என்பது அதன் பெயர். 1910-ஐ ஒட்டி, ஜப்பானிலிருந்து வந்த கன்றுகளோடு இந்த நோய் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குள் நுழைந்தது. நோய்க்குக் காரணம் பாக்டீரியாதான் என்று 1915-இல் காட்டியவர் கிளாரா ஹாஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. அந்தக் காலத்தில் இதை ஜப்பான், சீனா பக்கத்து நோய் என்றே நினைத்தார்கள்.

அப்புறம் 1933-இல் பாசெட், ஜென்கின்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பெரிய தாவரவியல் நிலையங்களில் செடிகளை அழுத்திக் காயவைத்து, காகிதத்தில் ஒட்டி, ஊரும் ஆண்டும் எழுதிப் பத்திரப்படுத்தி வைப்பது வழக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த அப்படிப்பட்ட பழைய எலுமிச்சை, நாரத்தை இன இலைகளை அவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். 1827-க்கும் 1831-க்கும் இடையில் இந்தியாவில் சேகரித்த இலையிலேயே சொறிப் புள்ளி இருந்தது! ஜாவாத் தீவில் 1842-44-இல் எடுத்த இலையிலும் இருந்தது. ஆக, அமெரிக்காவுக்குப் போவதற்கு எண்பது வருஷம் முன்னாலேயே இந்த நோய் நம் நாட்டில் குடியிருந்திருக்கிறது.

நம் காலத்தில் விஞ்ஞானம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. காய்ந்த இலையிலிருந்தே பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் படிக்கிறார்கள். மரபணு என்பது ஒரு பத்திரம் மாதிரி. ஒவ்வொரு தலைமுறையும் அதை நகல் எடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறிப்போகும். இரண்டு நகலுக்கும் இடையில் எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால், அந்தப் பங்காளிகள் எந்தக் காலத்தில் பிரிந்தார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம். 1845 முதல் 1974 வரை சேகரித்த பழைய இலைகளை இப்படி ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தப் பாக்டீரியா தெற்காசியாவில் சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்றும், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல கிளைகளாகப் பிரிந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதன் எலுமிச்சையை எங்கெல்லாம் கொண்டுபோனானோ, அங்கெல்லாம் பின்னாலேயே சொறியும் போயிருக்கிறது.

கப்பல் ஏறிய நோய்

இதில் நம் கரையோரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1835-இல் மொரீசியஸ் தீவில் அடிமை முறை ஒழிந்தது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் 1848-இல் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கப்பல் ஏற்றினார்கள். ரீயூனியன் பிரெஞ்சுத் தீவு என்பதால், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். இன்றைக்கும் அங்கே தமிழ்ப் பெயர் கொண்ட குடும்பங்களும் மாரியம்மன் கோயில்களும் இருக்கின்றன.

மொரீசியஸில் 1937-இல் பறித்துக் காயவைத்த சொறி பிடித்த இலை ஒன்றின் மரபணுவைப் படித்து, 2021-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. அந்தத் தீவுகளுக்கு இந்த நோய் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்திருக்கிறது என்று அதிலே தெரிந்தது. அடிமை முறை ஒழிந்தபின் நடந்த அந்தக் குடிபெயர்வோடு, செடி கொடிகள் போன வழியிலே இதுவும் போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இதற்காக அந்த ஏழைச் சனங்கள்மேல் பழி போட முடியாது. பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாதே! ஆனால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இந்த நோய் மழைச் சாரலிலும் காற்றிலும் தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். கடல் தாண்டவும், தூரத்து மாவட்டத்துக்குப் போகவும் அதற்குக் கன்றும் ஒட்டுக்குச்சியும் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மனிதன்தான்.

ஒரே குடும்பம், பல பங்காளிகள்

பார்வைக்கு எல்லாச் சொறியும் ஒன்றுதான். ஆனால் உள்ளே பங்காளிகள் பல பேர். 'ஏ' வகை என்பது மூத்த கை. எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு, கிரேப்புரூட் என்று எதையும் விடாது. உலகம் முழுக்கப் பரவியிருப்பதும் இதுதான். 'ஏ-ஸ்டார்' என்று இன்னொரு வகை. சவூதி அரேபியா, ஓமன், ஈரான், இந்தியா ஆகிய நாடுகளில் கண்டு 1998-இல் எழுதினார்கள். அதற்கு நம்ம சின்ன எலுமிச்சை ஒன்றே போதும். மூன்றாவது 'ஏ-டபிள்யூ' வகை. புளோரிடாவில் வெல்லிங்டன் என்ற ஊரில் தென்பட்டு, 2004-இல் விவரம் வெளியானது. மரபணுவைப் பார்த்தால் அது இந்திய வகைகளுக்கு நெருங்கின உறவு. இந்த வகையைக் கிரேப்புரூட் இலையில் செலுத்தினால் நோய் வளராது. பாக்டீரியாவின் ஒரு மரபணுவைச் செடி அடையாளம் கண்டு, அந்த இடத்துத் தன் செல்களையே கருகவிட்டு நோயை அங்கேயே அடைத்துவிடுகிறது. அந்த மரபணு எது என்பதையும் 2009-இல் கண்டுபிடித்தார்கள்.

இந்த வேற்றுமை தெரியாவிட்டால் எவ்வளவு நஷ்டம் வரும் என்பதற்கும் புளோரிடாவே சாட்சி. 1984-இல் அங்கே ஒரு நாற்றுப்பண்ணையில் புள்ளி விழுந்த கன்றுகளைப் பார்த்துச் சொறி நோய் என்று முடிவு கட்டினார்கள். சுமார் 2 கோடி கன்றுகளையும் மரங்களையும் அழித்தார்கள். பிற்பாடு ஆராய்ந்தால், அது வேறொரு பாக்டீரியா; காய்க்கும் தோட்டத்துக்குப் பெரிய கெடுதல் செய்யாத சாது! அசல் சொறி 1986-இல் திரும்ப வந்தது, 1995-இல் மயாமியிலும் தலைகாட்டியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டியும் முடியவில்லை. 2004, 2005 புயல்கள் நோயை வாரி இறைத்தபின், 2006-இல் ஒழிப்புத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

தானே புயலையும் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த நமக்கு, காற்றும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நம்ம எலுமிச்சையை இந்தப் பங்காளிகளில் ஒருத்தரும் விட்டுவைப்பதில்லை என்பதையும் மறந்துடாதீங்க.

மருந்துக்கும் பழகிக்கொள்ளும்

பிரெஞ்சு நாட்டின் போர்டோ பகுதியில் 1885-இல் திராட்சைக்காக வந்ததுதான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. சொறி நோய்க்கும் செம்புச் சத்துள்ள மருந்துதான் நெடுநாளாக ஆதாரம். ஆனால் கோடிக்கணக்கான பாக்டீரியாவில் ஒன்றிரண்டு அந்த மருந்தைத் தாங்கும் குணத்தோடு இருந்தால், மற்றவை செத்து, அந்தக் குணமுள்ளதே பெருகும். அர்ஜென்டினாவில் 1994-இல் செம்புக்கு அடங்காத சொறிப் பாக்டீரியா கிடைத்தது. நம் மக்கள் போன ரீயூனியனிலும் அப்படி ஒன்று கிடைத்ததாகப் பிற்பாடு எழுதினார்கள். ஆகையால் மருந்து மட்டும் காப்பாற்றாது. தேவையான சமயத்தில் மட்டும், சரியான அளவில் அடிக்கணும்.

ஸ்ட்ரெப்டோமைசினும் இந்த நோய்க்கு நெடுநாள் பயன்பட்ட மருந்துதான். ஆனால் அது மனிதருக்குக் காசநோய் மருந்து. விவசாயத்தில் அதன் பயன்பாட்டைப் படிப்படியாக நிறுத்த 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீங்க.

நாம் செய்ய வேண்டியது

முதலில் கன்று. எந்த ஊர்ப் பண்ணை, எந்தத் தாய்மரம் என்று கேளுங்க. இலையின் இரண்டு பக்கமும், குச்சியும் பார்த்து, ஒரு புள்ளி இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்க. விலை மலிவு என்று தெருவில் வரும் வண்டியில் வாங்கினால், தூரத்துப் பங்காளியை நம் கொல்லைக்கு நாமே அழைத்துவந்ததாக ஆகும். சொறி நோய் விதை மூலம் பரவுவதில்லை. எலுமிச்சை விதைக் கன்றும் பெரும்பாலும் தாய்மரத்தைப் போலவே வரும். ஆகவே நல்ல மரத்துப் பழத்திலிருந்து விதை எடுத்துக் கழுவி, நீங்களே கன்று வளர்க்கலாம்.

இரண்டாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சொறி பிடித்த குச்சிகளை வெட்டி எரித்துவிடுங்க. ஈரமாக இருக்கும்போது மரத்தில் கை வைக்காதீங்க. ஈரத்தில்தான் பாக்டீரியா கையிலும் கத்தியிலும் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போகும்.

மூன்றாவது, தளிர் விடும்போது ஒரு சத போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரையுங்க. பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான் வேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்க. ஓர் இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்க. செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்க. கலந்த அன்றே அடித்துவிடணும்.

நான்காவது, தளிரிலே வெள்ளிக் கோடு போட்டுத் தின்னும் இலைத் துளைப்பான் புழு. அது போடும் காயம்தான் பாக்டீரியாவுக்கு வாசல். 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்து அதைக் கட்டுப்படுத்துங்க.

சந்தேகம் இருந்தால், சொறி பிடித்த இலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாகக் கட்டி, உங்கள் பகுதி உழவர் உதவியகத்துக்கோ, குரும்பாப்பட்டு காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்க. பையைத் திறந்தபடி ஊரெல்லாம் கொண்டுபோக வேண்டாம். மகள் வீட்டுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ கன்று கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். இருநூறு வருஷமாக இந்த நோய் போன வழி அதுதான். அந்த வழியை நம் வாசலில் நாம் அடைக்கலாம்.