மெண்டலீவின் 46 சதவீதம்: எத்தனால் – நீர்க் கலவை அளவீட்டு வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் கலந்தால் 100 மில்லிலிட்டர் கிடைப்பதில்லை. 96-க்கும் 97-க்கும் இடைப்பட்ட அளவே கிடைக்கிறது. கலவை கைக்கு உணரும்படி வெதுவெதுப்பாகவும் ஆகிறது. பருமனில் ஏற்படும் இச்சுருக்கத்தைத் துல்லியமாக அளந்து, அதிலிருந்து நீர்மக் கலவைகளின் இயல்பை விளக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் திமித்ரி மெண்டலீவ். 1865 ஜனவரி 31 அன்று (ஜூலியன் நாட்காட்டி) செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் முன்வைத்த முனைவர் பட்ட ஆய்வேடு, எத்தனாலும் நீரும் இணைவது குறித்தது.

இவ்வாய்வேடு வேதியியல் வரலாற்று நூல்களில் இரண்டு விதமாகவே இடம்பெறுகிறது. தனிம வரிசை அட்டவணைக்கு முந்தைய பயிற்சிக் காலப் பணியாக ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படும். அல்லது காலாவதியான நீரேற்றுக் கோட்பாட்டின் சான்றாகச் சுட்டப்படும். பொதுவெளியில் உலவும் மூன்றாவது கதை ஒன்றுண்டு. ருஷ்ய வோட்காவுக்கு 40 சதவீத வலிமையை நிர்ணயித்தவர் மெண்டலீவ் என்பது அது. ருஷ்ய அரசு அவ்வலிமையை 1843-லேயே விதித்துவிட்டது. அப்போது மெண்டலீவுக்கு வயது ஒன்பது. மேலும், பருமனில் 40 சதவீதம் என்பது எடையில் ஏறத்தாழ 33 சதவீதம். மெண்டலீவின் ஆய்வில் தனியிடம் பெற்ற எண் அதுவன்று. எடையில் 46 சதவீதம். அந்த 46 எங்கிருந்து வந்தது, பின்னர் ஏன் பொருளிழந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. அளவீட்டில் நேர்ந்த பிழையால் அது வீழவில்லை. அளந்த சுருக்கத்தை எதனால் வகுப்பது என்ற தெரிவில்தான் சிக்கல் இருந்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

வரி கேட்ட துல்லியம்

எத்தனால் – நீர்க் கலவையின் அடர்த்தியை முதலில் துல்லியமாகக் கேட்டது வேதியியல் அன்று, அரசின் கருவூலம். சாராயத்திற்கு வரி விதிக்க வேண்டுமெனில் பீப்பாயில் எவ்வளவு நீர்மம் உள்ளது என்பது போதாது. அதில் சாராயச் சத்து எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். வெடிமருந்தின் மீது சாராயத்தை ஊற்றித் தீ வைத்து, மருந்து பற்றினால் ‘புரூப்’ எனக் கொள்ளும் பழைய வழக்கம் கணக்கெழுதுவதற்கு உதவாது.

பிரித்தானிய அரசின் வேண்டுகோளின் பேரில் ராயல் சொசைட்டியின் செயலர் சார்லஸ் பிளாக்டன் 1790-இல் இது பற்றி அறிக்கை அளித்தார். சோதனைகளை டோல்ஃபஸ் என்னும் சுவிஸ் நாட்டவர் தொடங்கினார். அவற்றை மீண்டும் செய்து விரித்தவர் சொசைட்டியின் எழுத்தர் ஜார்ஜ் கில்பின். 30 முதல் 100 பாரன்ஹீட் பாகை வரை ஐந்தைந்து பாகை இடைவெளியில், எடை விகிதம் படிப்படியாக மாறும் கலவைகளை நிறுத்து அவர் தொகுத்த அட்டவணைகள் 1794-இல் வெளிவந்தன. ஆசிரியர் பெயராக வரலாற்றில் பெரிதும் நிற்பது பிளாக்டன். தராசின் முன் அமர்ந்திருந்தவர் கில்பின். அறிவியல் வரலாற்றில் இது புதிதன்று.

வெப்பநிலைக்கு இத்தனை கவனம் ஏன் என்பதை ஒரு கணக்கு விளக்கும். எத்தனால் நீரைவிடப் பல மடங்கு விரிவடையும் இயல்பினது. அதன் அடர்த்தி ஒரு செல்சியஸ் பாகைக்குச் சுமார் 0.00085 குறைகிறது. செறிவு மிகுந்த கலவையில் ஒரு சதவீத எடை மாற்றம் அடர்த்தியைச் சுமார் 0.003 மாற்றும். ஆகவே வெப்பநிலையில் ஒரு பாகை பிழைத்தால் வலிமையில் ஏறத்தாழ 0.3 சதவீதம் பிழைக்கும். ஆயிரக்கணக்கான பீப்பாய்களுக்கு வரி கட்டும்போது இது சிறு தொகையன்று.

கில்பின் தம் அட்டவணைக்கு அடிப்படையாகக் கொண்ட ‘தூய’ சாராயத்தின் ஒப்படர்த்தி 60 பாரன்ஹீட் பாகையில் 0.825. இன்றைய கணக்கில் அது எடையில் சுமார் 89 சதவீத எத்தனால். பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நீர். வரி அலுவலருக்கு இதனால் இழப்பில்லை. எல்லோரும் ஒரே அடிப்படையைப் பின்பற்றினால் போதும். வேதியியலாளருக்கோ இது போதாது. 1796-இல் பீட்டர்ஸ்பர்க்கில் தோபியாஸ் லோவிட்ஸ் நீரற்ற எத்தனாலைப் பெற்ற பின்னரே ‘நூறு சதவீதம்’ என்பதற்கு வேதியியற் பொருள் கிட்டியது.

பின்னர் சைக்ஸின் திரவமானி 1816-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியாவில் ஏற்கப்பட்டது. 51 பாரன்ஹீட் பாகையில் சம பருமன் நீரின் எடையில் 12/13 பங்கு எடையுள்ள கலவையே புரூப் என வரையறுக்கப்பட்டது. பருமனில் அது ஏறத்தாழ 57.1 சதவீத எத்தனால். ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை இந்தியாவுக்கும் வந்தது. இன்றும் நம் நாட்டு மதுப்புட்டிகளில் காணப்படும் 42.8 சதவீதம் என்னும் விந்தையான எண், 57.1-இன் முக்கால் பங்கே.

பீட்டர்ஸ்பர்க் ஆய்வகத்தில்

மெண்டலீவ் 1859 முதல் 1861 வரை ஹைடெல்பெர்க்கில் இருந்தபோது நுண்புழை ஏற்றத்தையும் நீர்மங்களின் வெப்ப விரிவையும் ஆராய்ந்தார். எத்தனால் ஆய்வுக்குத் தேவையான கைப்பழக்கம் அங்கேயே அமைந்தது எனலாம். 1863–64-இல் நடந்த சோதனைகளின் கடினமான பகுதி, நிறுப்பதைவிட முந்தியது: நீரற்ற எத்தனாலைப் பெறுதல். வடித்தல் மட்டும் இங்கு உதவாது. எடையில் சுமார் 95.6 சதவீதத்தை எட்டியதும் ஆவியும் நீர்மமும் ஒரே இயைபு கொண்டு, கலவை தனிப்பொருள்போல மாறாக் கொதிநிலையில் கொதிக்கத் தொடங்கும். சுட்ட சுண்ணாம்பு போன்ற நீர் கவரும் பொருளின்மீது வைத்து வடித்தே எஞ்சிய நீரை அகற்ற இயலும். அவ்வாறு பெற்ற எத்தனால் காற்றின் ஈரத்தை உடனே உறிஞ்சும். ஆகவே நிறுக்கும் மேசையில் சில நிமிடத் தாமதமும் முடிவைக் கெடுக்கும்.

இத்தடைகளைக் கடந்து கிடைத்த எண்களை மெண்டலீவ் கில்பின், டிராலெஸ், கே-லூசாக் ஆகியோரின் எண்களோடு ஒப்பிட்டார். எடையில் சுமார் 46 சதவீத எத்தனால் உள்ள கலவையில் சுருக்கம் உச்சத்தை எட்டுவதைக் கண்டார். எத்தனாலின் மூலக்கூறு எடை 46. மூன்று நீர் மூலக்கூறுகளின் எடை 54. கூட்டினால் சரியாக நூறு. ஒரு எத்தனாலுக்கு மூன்று நீர் கொண்ட நீரேற்று ஒன்று கலவையில் உருவாகிறது என்னும் முடிவு ஏறக்குறைய தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. தாமஸ் கிரஹாம் 1861-இல் நுண்குழாய் வழியே இக்கலவைகள் பாயும் நேரத்தை அளந்து அதே இயைபின் அருகே உச்சத்தைக் கண்டிருந்தார். இரு வேறு பண்புகள் ஒரே இடத்தைச் சுட்டியபோது அதைத் தற்செயல் எனக் கொள்ள அக்கால வேதியியலாளர் எவருக்கும் காரணமில்லை. மெண்டலீவை எளிதில் குறைகூறும் பிற்காலத்தவர் இதை மறந்துவிடுகின்றனர்.

எதனால் வகுப்பது?

உச்சத்தின் இடம் இயற்கை தந்ததன்று. அதில் கணக்கிடும் முறைக்கும் பங்குண்டு. மேற்கூறிய 46 சதவீதம், சுருக்கத்தைக் கலவையின் பருமனுக்கு அல்லது எடைக்கு இவ்வளவு எனக் கணக்கிடும்போது கிடைப்பது. மோல் பின்னத்தில் அது 0.25. அதே சுருக்கத்தை ஒரு மோல் கலவைக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டால் 25 செல்சியஸ் பாகையில் உச்சம் 0.4-க்கு அருகே நகர்ந்துவிடுகிறது. அங்கு சுருக்கம் மோலுக்குச் சுமார் 1.07 கன சென்டிமீட்டர். தராசு மாறவில்லை, குப்பி மாறவில்லை. வகுஎண் மட்டுமே மாறியது. ஆனால் மூன்று நீர் மூலக்கூறுகள் காணாமற்போயின.

பிற பண்புகளும் ஒத்துழைக்கவில்லை. கலக்கும்போது வெளிப்படும் வெப்பம் 25 பாகையில் மோல் பின்னம் 0.15 அளவில் உச்சமடைகிறது. வெப்பநிலை உயர்ந்தால் வெப்பம் வெளிப்படுவதும் குறைகிறது. டுப்ரேயும் பேஜும் 1869-இல் வெளியிட்ட அளவீடுகளில் எத்தனால் குறைந்த கலவைகளின் தன்வெப்பம் தூய நீரையும் விஞ்சியது. கிரஹாம் கண்ட உச்சமும் வெப்பநிலைக்கேற்ப இடம் பெயர்வது. நிலையான சேர்மம் ஒன்று இருப்பின் அதன் இயைபு இப்படி அலையலாகாது. மாறாக் கொதிநிலைக் கலவைகளுக்கு இதே வாதத்தை ஹென்றி ராஸ்கோ 1860-ஐ ஒட்டியே நிறுவியிருந்தார். அழுத்தத்தை மாற்றினால் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவையின் இயைபும் மாறுகிறது. ஆகவே அது சேர்மமன்று.

மெண்டலீவ் பின்வாங்கவில்லை. 1887-இல் வெளியிட்ட விரிவான நூலில் அடர்த்தியை விட்டு, செறிவைப் பொறுத்து அடர்த்தி மாறும் வீதத்தை வரைந்தார். அவ்வீதம் நேர்கோடுகளாக ஓடி நீரேற்றுகளின் இயைபுகளில் முறிகிறது என்றார். எத்தனாலுக்கு இப்போது மூன்று நீரேற்றுகள்: பன்னிரண்டு நீர், மூன்று நீர், மூன்று எத்தனாலுக்கு ஒரு நீர். இங்கிலாந்தில் ஸ்பென்சர் பிக்கரிங் இம்முறையைக் கந்தக அமிலத்திற்கு விரித்தார், அர்ரீனியஸ் எதிர்த்தார். இவ்விவாதம் அயனிக் கோட்பாட்டுக்கும் நீரேற்றுக் கோட்பாட்டுக்குமான போராகவே பொதுவில் விவரிக்கப்படுகிறது. அளவீட்டு நோக்கில் பார்த்தால் அதைவிட எளிய சிக்கல் தெரிகிறது. அடர்த்தி 0.00002 அளவுக்கு ஐயத்திற்குரியது எனவும், அளந்த புள்ளிகள் ஒரு சதவீத இடைவெளியில் உள்ளன எனவும் கொள்வோம். 40-க்கும் 50-க்கும் இடையே வீதம் சதவீதத்திற்குச் சுமார் 0.0022; இரு புள்ளிகளின் வேறுபாட்டிலோ ஐயம் 0.00004 வரை செல்லும். ஐந்தாம் தசமத்துப் பிழை, வீதத்தில் கிட்டத்தட்ட இரண்டு சதவீதமாகப் பெருகிவிடுகிறது. வளைகோட்டை முறிகோடாகக் காண அவ்வளவே போதும். மிகைப் பண்புகளுக்குப் பல்லுறுப்புக் கோவை பொருத்தும் இன்றைய ஆய்வாளரும் இவ்விடத்தில் வழுக்காமல் இருப்பதில்லை.

எஞ்சிய அட்டவணை

நீரேற்றுகள் பாடநூல்களை விட்டு நீங்கிய காலத்தில் மெண்டலீவின் அடர்த்தி எண்கள் அரசு அலுவலகங்களில் நிலைபெற்றன. ஜெர்மனியின் அதிகாரபூர்வ ஆல்கஹால் அட்டவணைகள் அவற்றின் அடிப்படையில் கணக்கிடப்பட்டன. மெண்டலீவும் 1892 முதல் ருஷ்ய அரசின் எடை, அளவைத் துறைக்குப் பொறுப்பேற்றார். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் ஆஸ்போர்ன், மெக்கெல்வி, பியர்ஸ் ஆகியோர் 1913-இல் வெளியிட்ட விரிவான அளவீடுகள் நீரற்ற எத்தனாலின் அடர்த்தியை 25 பாகையில் 0.78506 என வைத்தன. அவர்கள் எதிர்கொண்டதும் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அதே இடர்தான்: குப்பியின் மூடியைத் திறந்து மூடும் இடைவெளியில் எத்தனால் உறிஞ்சிக்கொள்ளும் ஈரம்.