அரண்மனைக்குள் காயும் துணிகள்

பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பவர்களுக்குக் குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரம் ஒரு பேருந்து நிலையம் மாதிரி. சனிக்கிழமை வருவார்கள். பேரங்காடியில் தண்ணீரும் பாஸ்தாவும் வாங்கிப் படகில் ஏற்றுவார்கள். பிராச், ஹ்வார், விஸ் என்று ஏதோவொரு தீவை நோக்கிக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் நான்கு பேர் இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். மலிவான விமான டிக்கெட் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். ஆனால் பயணத்தில் பார்த்த தீவுகளைவிட, அந்த இரண்டு நாளில் சுற்றிய ஒரு கட்டடம்தான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டியவர் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன். பக்கத்திலிருந்த சலோனா வட்டாரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, படையில் சேர்ந்து உயர்ந்து, 284இல் பேரரசரானவர். 305இல் தானாகவே பதவியை விட்டிறங்கினார். ரோம வரலாற்றில் அப்படிச் செய்த முதல் பேரரசர் அவர். திரும்பவும் அரியணைக்கு அழைத்தவர்களிடம், ‘என் தோட்டத்துக் காய்கறிகளைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்’ என்கிற பாணியில் பதில் அனுப்பினாராம்.

அந்த ஓய்வுக் காலத்துக்கென்று எழுப்பியதுதான் இந்த அரண்மனை. ஏறக்குறைய 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். பாதி மாளிகை, பாதி இராணுவ முகாம். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் எதிரே தெரியும் பிராச் தீவிலிருந்து வந்தது. தூண்கள் சிலவும் ஸ்பிங்க்ஸ் சிலைகளும் எகிப்திலிருந்து. குடிநீருக்கு யாட்ரோ ஆற்றின் ஊற்றிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் கால்வாய். தெற்கு வாசல் நேராகக் கடலுக்குத் திறந்தது. இன்று உல்லாசப் பயணிகள் காப்பி குடிக்கும் கடற்கரை நடைபாதை இருக்கும் இடத்தில் அன்று அலையடித்தது.

பேரரசர் இறந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, 7ஆம் நூற்றாண்டில், ஆவார்களும் ஸ்லாவியரும் சலோனாவைத் தாக்கினார்கள். டால்மேஷியா மாநிலத்தின் தலைநகராக இருந்த ஊர் அது. மக்கள் தீவுகளுக்கு ஓடினார்கள். பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து, உயர்ந்த மதில் இருக்கிறதே என்று இந்த அரண்மனைக்குள் புகுந்தார்கள். வழிவழியாகச் சொல்லப்படும் ஸ்ப்ளிட்டின் பிறப்புக் கதை இதுதான். அகதிகள் குடியேறி உருவான ஊர்.

புகுந்தவர்கள் எதையும் அப்படியே விட்டுவைக்கவில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பினால் ஒரு வீடு. மதிலில் ஓட்டை போட்டால் ஒரு சன்னல். ஜூப்பிட்டர் கோயில் ஞானஸ்நானக் கூடமானது. டயோக்ளீஷியனின் எண்கோணச் சமாதி தேவாலயமானது. இதில் ஒரு வரலாற்றுக் கணக்குத் தீர்ப்பும் இருக்கிறது. கிறிஸ்தவர்களைக் கடுமையாக வேட்டையாடிய பேரரசர் அவர். 304இல் சலோனாவில் கொல்லப்பட்ட ஆயர் தோம்னியஸின் பெயரில்தான் இன்று அந்தப் பேராலயம் நிற்கிறது. பேரரசரின் உடல் வைத்த கல்பேழை எங்கே போனதென்று தடயமே இல்லை.

நான் படித்தது சிவில். ஒரு கட்டடத்துக்குள் போனால் பாரம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது பழக்கதோஷம். அதனாலேயே நிலவறைகளில்தான் அதிக நேரம் செலவழித்தேன். நிலம் கடலை நோக்கிச் சரிவதால், பேரரசரின் அறைகளை ஒரே மட்டத்தில் வைக்கக் கீழே ஒரு தளம் தேவைப்பட்டது. மேல் சுவருக்கு நேர்கீழே கீழ்ச்சுவர் வந்தால்தான் பாரம் ஒழுங்காக இறங்கும். ஆக, கீழ்த்தளம் என்பது மேல்தளத்தின் அச்சு அசல் வரைபடம். மேலே இருந்த அறைகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. கீழே கல் வளைவுகள் முழுசாக நிற்கின்றன.

அவற்றைக் காப்பாற்றியது எது? குப்பை. மேலே குடியிருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் துளை போட்டுக் குப்பையையும் கழிவையும் கீழே கொட்டினார்கள். அறைகள் நிரம்பி மூடிக்கொண்டன. அதனால் யாரும் அவற்றைப் பிரித்து மாற்றிக் கட்டவில்லை. 20ஆம் நூற்றாண்டில் பெரிய அளவில் தோண்டி எடுத்த பிறகுதான், பேரரசரின் அறைகள் எந்த வடிவில் இருந்திருக்கும் என்பது தெளிவானது.

இப்போது சலோனாவைப் பாருங்கள். ஸ்ப்ளிட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆள் நீங்கிய அந்தத் தலைநகரம் கல் எடுக்கும் இடமாகிவிட்டது. இன்று புல்வெளிக்கு நடுவே அடித்தளங்கள் மிஞ்சியிருக்கின்றன. அரண்மனையோ வெட்டுப்பட்டு, ஒட்டுப்போட்டு, அழுக்கேறி, ஆனாலும் கூரையோடு நிற்கிறது. ஒழுகினால் அடைக்க ஒரு ஆள் உள்ளே இருந்தார், அதுதான் வித்தியாசம்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் குடியிருப்பு எப்போதும் ஒரு தொந்தரவாகவே பட்டிருக்கிறது. 1757இல் ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் இங்கே ஐந்து வாரம் தங்கி அளவெடுத்து, 1764இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். கண்ணால் கண்டதை வரைந்த படங்களில் மக்கள் நடமாடுகிறார்கள். அரண்மனை முதலில் எப்படி இருந்திருக்கும் என்று அவர் வரைந்த படங்களில் வீடுகள் மறைந்துவிடுகின்றன. பிற்காலத்தில் வீடுகளை நிஜமாகவே இடித்து அரண்மனையை ‘விடுவிக்க’ வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. ஆஸ்திரியக் கலை வரலாற்றாளர் அலாய்ஸ் ரீகல் போன்றவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எதிர்த்தார்கள். பிற்காலக் கட்டடங்களுக்கும் வரலாற்று மதிப்பு உண்டு என்பது அவர்கள் வாதம். 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, அரண்மனையோடு அதற்குள் வளர்ந்த நகரமும் சேர்ந்தே ஏறியது.

இப்போது வீடுகளை இடிக்கச் சொல்வார் யாருமில்லை. அதற்குத் தேவையும் இல்லை. வீடு ஒவ்வொன்றாகப் பயணிகளுக்கான வாடகை அறையாகிறது. கோடையில் சந்து முழுக்கச் சக்கரப் பெட்டி உருளும் சத்தம். சில சந்துகளில் தலைக்கு மேலே கொடி கட்டித் துணி காய்கிறது. அங்கே இன்னும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற கதவுகளில் எண் பூட்டு. அந்த எண்ணை அழுத்தி உள்ளே போனவர்களில் நாங்களும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமக்கு இது புதுக்கதை இல்லை. ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அவகாசம் முடிந்து 2000இல் முழுமையாக விலகியது. வாடகை ஏறியது. பல தலைமுறையாக இருந்தவர்கள் கிளம்பினார்கள். 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி வந்தபோது, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களில் பலர் அங்கே இல்லை. முகப்புக்குப் புதுச் சாயம் பூசுவது சுலபம். மாடியில் யார் சமைக்கிறார்கள் என்பதைச் சாயம் தீர்மானிக்காது.

பாதுகாப்பு என்றால் கல்லைத் தொடாமல் விடுவது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். ஸ்ப்ளிட்டின் ஆயிரத்து நானூறு ஆண்டு அனுபவம் வேறு மாதிரிச் சொல்கிறது. அந்தக் கல்லைக் காப்பாற்றியவர்கள் அதன் அருமை தெரியாத அகதிகள். அவர்களுக்கு வேண்டியது ஒரு கூரை. அரண்மனையின் அருமை இன்று உலகத்துக்கே தெரியும். அதற்குள் ஒரு கூரைக்காகக் குடியிருக்க வருகிறவர்தான் யாருமில்லை.