ஆங்கில மாற்ற வினைகளும் தமிழாக்கமும்: ஹட் பே வரலாற்றை முன்வைத்து

லிட்டில் அந்தமான் தீவின் கீழ்க்கரையில் அமைந்துள்ள ஹட் பேயின் அண்மை வரலாறு பெரும்பாலும் ஆங்கில ஆவணங்களின் வழியே அறியப்படுவது. அதனைத் தமிழில் மூன்று தொடர்களில் அடக்கிவிடலாம்: காடு தோட்டமாயிற்று, பழங்குடியினர் காப்புப் பகுதி குறைந்தது, கரையில் ஊர் தோன்றிற்று. இலக்கணப் பிழை எதுவும் இல்லாத இத்தொடர்களில் செய்தவர் எவரும் இல்லை என்பது கருதத்தக்கது. மாற்றத்தைக் குறிக்கும் ஆங்கில வினைகளைப் பெயர்ப்போர், ஒருபொருட் பன்மொழிகளுள் எதனைத் தேர்வது என்பதிலேயே பெரிதும் கவனம் செலுத்துகின்றனர். வினையைச் செய்தவர் யார் என்பதைத் தமிழ் வடிவம் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பதே அதனினும் முதன்மையான வினா என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆங்கிலத்தில் இவ்வினைகள் பெருகியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஆகு' என்னும் பொருளில் வழங்கிய 'வெயொர்தன்' பின்னர் வழக்கொழிந்தது. 1066-க்குப் பின் பிரெஞ்சு வழியாக 'சேஞ்ச்' புகுந்தது. இலத்தீன் மூலத்தினின்று வந்தவற்றுள் 'ஆல்டர்' என்பதன் அடியில் 'மற்றையது' என்னும் பொருளும், 'மாடிஃபை' என்பதில் அளவும், 'கன்வர்ட்' என்பதில் திருப்புதலும், 'ட்ரான்ஸ்ஃபார்ம்' என்பதில் வடிவமும், 'அமெண்ட்' என்பதில் குற்றம் களைதலும் உள்ளன. பழைய ஆங்கிலத்தின் 'அவெண்டன்' என்னும் வினை மாற்றுதலையும் மொழிபெயர்த்தலையும் ஒருங்கே குறித்தது. 'பெயர்' என்னும் இடம்விட்டு நகர்தற் பொருள் கொண்ட வினையினின்று 'மொழிபெயர்ப்பு' என்னும் சொல்லை ஆக்கிக்கொண்ட தமிழருக்கு இது வியப்பளிக்காது.

இவ்வேர்ப்பொருள்கள் வெறும் அகராதிச் செய்திகள் அல்ல. கேசவானந்த பாரதி வழக்கில் (1973) 13 நீதிபதிகள் 'அமெண்ட்' என்னும் சொல்லின் எல்லையை ஆராய நேர்ந்தது. அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கும் வரை செல்லாது என 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. தமிழில் நாம் வழங்கும் 'திருத்தம்' பொருள் நிலைத்திருக்க அதன் குறை களைவதையே உணர்த்துவதால், இங்குத் தமிழ்ச்சொல் தீர்ப்பின் பக்கமே சாய்கிறது எனலாம்.

ஆயினும் செய்தவரைக் காட்டுவதில் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. 'சேஞ்ச்' என்னும் ஒரே வடிவம் தானே நிகழ்வதையும் பிறர் நிகழ்த்துவதையும் குறிக்கும். தமிழில் மாறு–மாற்று, ஆகு–ஆக்கு, திருந்து–திருத்து, குறைந்தது–குறைத்தது என வடிவமே பிரிந்து நிற்கும். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) இவ்விணைகளை ஆராய்ந்தார். கு. பரமசிவம் தம் ஆய்வில் (1979) இவற்றைத் தன்வினை–பிறவினை, செயப்படுபொருள் குன்றியது–குன்றாதது என்னும் பாகுபாடுகளுக்குள் அடக்க இயலாது என்றும், செயலின் விளைவு எழுவாயைச் சார்கிறதா, பிறிதொன்றைச் சார்கிறதா என்பதே அடிப்படை என்றும் காட்டினார். மொழிபெயர்ப்பாளருக்கு இக்கண்டுபிடிப்பு பெரிதும் பயன்படும்.

இனி ஹட் பேக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் 1957-இல் லிட்டில் அந்தமான் முழுவதும் ஓங்கே மக்களின் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1965-இல் மைய அரசு அமைத்த துறைகளிடைக் குழு, தீவில் காடு அழித்துக் குடியேற்றம் செய்யும் திட்டத்தை முன்வைத்தது. 1972-இலும் 1977-இலும் சில பகுதிகள் காப்பினின்று விடுவிக்கப்பட்டன. ஏறத்தாழ 1,600 எக்டேர் பரப்பில் செம்பனைத் தோட்டம் எழுந்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 672 என மதிப்பிட்ட ஓங்கேயர் தொகை 2011-இல் 101.

இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும் ஆங்கிலச் சொல் 'செட்டில்மென்ட்' என்பது. தமிழில் 'குடியேற்றம்' என்கிறோம். அச்சொல்லுள் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள் கலந்து கிடக்கின்றன. கிழக்கு வங்காளத்தினின்று வந்த அகதிகளை அரசு குடியேற்றியது. வணிகத்தையும் கூலி வேலையையும் நாடித் தமிழர் உள்ளிட்ட பலர் தாமே குடியேறினர். 1970-களில் ஓங்கேயர், தம் தீவிலேயே, டுகாங் கிரீக் முதலான இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். தீவெங்கும் இடம்பெயர்ந்து வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்களை ஓரிடத்தில் நிறுத்தியதை 'ஓங்கேயர் குடியேற்றம்' என எழுதினால், அவர்கள் வெளியிலிருந்து வந்தவர் போலாகிவிடுகிறது!

வினையில் தெளிவாக உள்ள வேறுபாடு பெயர்ச்சொல்லில் எவ்வாறு மறைந்தது? ஓடு–ஓட்டம், ஏறு–ஏற்றம், ஆகு–ஆக்கம், மாறு–மாற்றம் என அம் ஈறு பெறுங்கால் தன்வினை அடியின் மெய்யும் இரட்டிக்கிறது. ஓட்டு, ஏற்று, ஆக்கு, மாற்று என்னும் பிறவினை அடிகளும் அவ்விரட்டிப்பையே உடையவை. ஆகவே 'மாற்றம்' என்பது மாறியதா, மாற்றியதா என்பது வடிவத்தால் விளங்காது. 'பருவ மாற்றம்' என்பதில் முன்னதும், 'பணியிட மாற்றம்' என்பதில் பின்னதும் வழக்கால் விளங்கும். 'காலநிலை மாற்றம்' என்னும்போது கேட்போர் முன்னதையே கொள்கின்றனர்; அதில் மனிதரின் பங்கு ஒளிந்துவிடுகிறது. ஆங்கில அலுவலக நடையின் பெயர்ச்சொற் பெருக்கத்தை அப்படியே பின்பற்றும் நம் அலுவலகத் தமிழ், தன் வினை தந்த வசதியைத் தானே கைவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாப் பெயர்களும் இவ்வாறு மயங்குவன அல்ல. குறைவு–குறைப்பு, அழிவு–அழிப்பு, இணைவு–இணைப்பு என்பவை பிரிந்தே நிற்கின்றன. காப்புப் பகுதிக்கு நேர்ந்தது குறைப்பு. ஓங்கேயர் தொகையில் நேர்ந்தது குறைவு. நோய்கள் அதற்கொரு முதன்மைக் காரணம். 'மாற்றம்' மயங்குமிடத்தில் மாறுதல், மாற்றுதல் என்னும் தொழிற்பெயர்களை ஆளலாம். 'மாற்றப்பட்டது' என்னும் செயப்பாட்டு வினை செய்தவரைப் பெயர் சுட்டாவிடினும், செய்தவர் உளர் என்னும் குறிப்பையேனும் காத்துத் தரும்.

தன்வினையே பொருந்தும் இடமும் இவ்வூரின் வரலாற்றில் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஹட் பேயைத் தாக்கியபின் கரை மாறிற்று. அதன்பின் உயிர்தப்பிய குடும்பங்கள் தற்காலிகக் கொட்டகைகளிலிருந்து புதிய வீடுகளுக்குச் சென்றதை எழுதும்போதோ, இடம் மாறினரா, மாற்றப்பட்டனரா என்று மொழிபெயர்ப்பாளர் மீண்டும் மூல ஆவணத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.