கேள்வியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனவர்



அமெரிக்காவில் நடந்த பொம்மைச் சோதனையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். நிறத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றுபோலிருந்த நான்கு பொம்மைகள்: இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு. மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம், எதோடு விளையாட ஆசை, எது நல்ல பொம்மை, எது உன்னைப்போல் இருக்கிறது என்று கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தெடுத்தார்கள். கென்னத் கிளார்க்கின் பெயரோடு பேசப்படும் இச்சோதனையின் வேர், அவருடைய துணைவியார் மேமி ஃபிப்ஸ் கிளார்க்கின் முதுகலை ஆய்வேட்டில் இருக்கிறது.

மேமி 1917இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் பிறந்தார். கறுப்பினத்தாருக்குத் தனிப் பள்ளி என்றிருந்த ஊர் அது. 1934இல் கணிதம் படிக்க ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், பின்பு உளவியலுக்கு மாறினார். 1938இல் பட்டம் பெற்றதும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்தார். நிறவொதுக்கலுக்கு எதிரான வழக்குகள் அங்கே உருவாகிக்கொண்டிருந்தன. 1939இல் முடித்த ஆய்வேட்டில் அவர் கேட்டது இதுதான்: பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே, தான் கறுப்பு என்று ஒரு குழந்தை எப்போது அறிகிறது?

அடுத்து அம்பேத்கர் படித்த அதே கொலம்பியாவுக்குச் சென்றார். நெறியாளர் ஹென்றி காரெட், கறுப்பினத்தார் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று நம்பியவர். 1943இல் மேமி முனைவரானார். 1952இல் வெர்ஜீனியா பள்ளி வழக்கில் காரெட் ஒதுக்கலுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னபோது, அதை மறுத்துச் சாட்சி சொன்னவர் இந்த மாணவிதான். 1954 மே 17 அன்று தனிப்பள்ளி முறை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் 11ஆம் அடிக்குறிப்பில் கென்னத்தின் பெயர் இருக்கிறது. மேமியின் பெயர் இல்லை.

பட்டமிருந்தும் அவருக்குத் தகுந்த வேலை கிடைக்கவில்லை. 1946இல் கணவரோடு சேர்ந்து ஹார்லெமில் நார்த்சைடு மையத்தைத் தொடங்கி, 1979 வரை நடத்தினார். மந்தபுத்தி என்று பள்ளிகள் முத்திரை குத்திய குழந்தைகளை மறுபடி சோதித்தபோது, பலருக்கு அப்படியொரு குறையே இல்லை என்று தெரிந்தது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வடக்கே வெள்ளைக் குழந்தைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைப் பொம்மையைத்தான் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். காயம் பள்ளிச் சுவரால் மட்டும் வந்ததல்ல. மேலும், காயப்பட்ட குழந்தையைத்தான் சோதித்தார்கள். உயர்வு மனப்பான்மையோடு வளர்ந்த குழந்தையை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

நம் நாட்டில் அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 2006இல் உச்ச நீதிமன்றம் 14 லட்சம் மையங்கள் வேண்டும், தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த மையங்களில் யார் பக்கத்தில் உட்காரலாம், யார் சமைத்ததைச் சாப்பிடலாம் என்பதை ஒரு குழந்தை எந்த வயதில் கற்கிறது? யாரிடமிருந்து கற்கிறது? குழந்தை வளர்ச்சி படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஊர்த்தெருக் குழந்தையிடமும் இதைக் கேட்க வேண்டும்.