முதல் திட உணவு: வயது மாறிய வரலாறு

தாய்ப்பால் மட்டும் குடித்துவந்த குழந்தைக்குப் பாலுடன் வேறு உணவையும் தரத் தொடங்குவதே இணை உணவூட்டல். இது பாலை நிறுத்துவது அன்று, தாய்ப்பாலும் தொடரும். இதை எந்த வயதில் தொடங்கலாம் என்ற கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன.

பழைய வழக்கம்

இந்தியாவில் முதன்முதலாகச் சோறூட்டும் சடங்குக்கு அன்னப்பிராசனம் என்று பெயர். கிருஹ்ய சூத்திரங்கள் இதற்கு ஆறாம் மாதத்தைக் குறிக்கின்றன. ஆறாம் மாதம் என்பது ஐந்து மாதம் நிறைந்தபின் வருவது. இன்றைய மருத்துவம் சொல்வதோ ஆறு மாதம் நிறைந்தபின். இரண்டும் நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல.

டப்பா உணவின் காலம்

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதல் ஆண்டு முழுவதும் பாலே முக்கிய உணவாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். 1928இல் கெர்பர் நிறுவனம் மசித்த காய்கறி, பழங்களை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. கனடாவின் டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான பாப்ளம் என்னும் தானியக் கூழ்மாவு 1930களில் பரவியது. ஊட்டச்சத்துக் குறையைப் போக்கவே அது உருவாக்கப்பட்டது. ஆயினும் இத்தகைய உணவுகள் எளிதில் கிடைத்தபின் தொடங்கும் வயது வேகமாகக் குறைந்தது. 1953இல் மயாமி நகர மருத்துவர் வால்டர் சாக்கெட், பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தானியக் கூழ் தரலாம் என்று எழுதினார்.

எதைத் தருகிறோம்?

வயது மட்டுமன்றி உணவின் தரமும் முக்கியம் என்பதை ஆப்பிரிக்கா உணர்த்தியது. கோல்டு கோஸ்டில் (இன்றைய கானா) பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1935இல் குவாஷியோர்கர் என்னும் நோய்ப்பெயரை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அது அங்குள்ள கா மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறந்ததால் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. அக்குழந்தைகள் பெரும்பாலும் மக்காச்சோளக் கூழையே உண்டுவந்தனர். வயிறு நிரம்பியது, புரதம் கிடைக்கவில்லை.

நான்கா, ஆறா?

1979இல் ஜெனீவாவில் நடந்த உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் கூட்டம் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம் என்றது. பின்னர் பெலாரஸ் நாட்டில் நடந்த பெரிய ஆய்வில், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு, மூன்று மாதம் மட்டும் அவ்வாறு குடித்தவர்களைவிட வயிற்றுத் தொற்று குறைவாக இருந்தது. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபின், 2001இல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதத்தை ஏற்றது.

இந்தியச் சட்டத்திலும் இம்மாற்றத்தைக் காணலாம். குழந்தை உணவு பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான்கு மாதம் என்றிருந்தது, 2003 திருத்தத்தில் ஆறு மாதம் ஆனது.

தாமதமும் தீங்கே

ஆறு மாதம் என்பது முந்தக் கூடாத எல்லை மட்டுமன்று. பிந்தக் கூடாத எல்லையும்கூட. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஏறத்தாழ அவ்வயதில் குறையத் தொடங்குகிறது. பால் மட்டும் தரும் ஆற்றலும் அதன்பின் போதாது. இக்கட்டத்தில்தான் பல குழந்தைகள் மெலிகின்றன. தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளையே குறிவைத்தது இதனால்தான். மாதந்தோறும் எடை பார்த்து, எடை சரியாக ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் உணவு தரப்பட்டது.

சடங்கில் ஊட்டும் ஒரு வாய்ச் சோறு ஒரு தொடக்கமே. மறுநாளும் அதற்கடுத்த நாளும் குழைத்த சோறும் பருப்பும் மசித்த காயும் பழமும் கிடைத்தால்தான் குழந்தை வளரும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.