சுமோ: ஒதுங்குகிறவர் யார்?

1994இல் டாடா சுமோ வந்தது. சுமந்த் மூல்காவ்கர் என்கிற பொறியாளரின் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. வெகுசன சினிமாவோ அதை அடியாள் வண்டியாக்கிவிட்டது. புழுதி கிளப்பி நாலு சுமோ வந்து நின்றால் 'ரவுடிங்க வந்துட்டானுங்க' என்று அரங்குக்கே தெரியும். 2019இல் உற்பத்தி நின்றது. அந்தக் குறியீடு ஸ்கார்பியோவுக்கு இடம் மாறிக்கொண்டது.

வாகனம் அதிகாரமாவது சினிமா கண்டுபிடித்ததல்ல. சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, தள்ளிக்கிட்டுதான் போகணும் என்று தலித்துகளைத் தடுத்த தெருக்கள் நம் ஊர்களில் உண்டு. புறநகரின் குறுகலான சாலையில் பெரிய வண்டி ஹாரன் அடிக்கிறபோது, சாதி கேட்காமலே நடப்பவரை ஒதுக்குகிறது.

1997இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தின்கீழ் குத்தம்பாக்கத்தில் இரட்டை வீடுகள் எழுந்தன. தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டன. சாலையில் யார் ஒதுங்குகிறார்கள் என்பதையும் சமத்துவத்தின் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.