தோட்டப் பாடசாலையின் முதல் வகுப்பு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஈழத்துக் கல்வி வரலாற்றை எழுதுவோர் மிஷனரிக் கல்லூரிகளையும் நாவலர் வழிவந்த சைவப் பாடசாலைகளையும் விரிவாகப் பேசுவர். மலையகத் தோட்டத்தின் ஓரறைப் பாடசாலையினுள் ஆறு வயதில் அடியெடுத்து வைத்த குழந்தை அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. அக்குழந்தைக்குப் பாடசாலை புகலிடமாயிற்றா என்னும் வினாவைக் கல்வியியலுக்கு மட்டும் உரியதாக நாம் கொள்ளவில்லை. அது உற்பத்தியுறவுகள் பற்றிய வினாவுமாகும்.

1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. ஏன் பத்து? விடையைக் கல்விச் சட்டத்திலன்று, கூலிச் சட்டத்திலேயே தேடவேண்டும். இந்தியத் தொழிலாளர்க்கென 1927 இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலியை வகுத்தது. 'சிறுவர்' என்பது அங்கு பருவத்தின் பெயரன்று. உழைப்பின் ஒரு தரம். பள்ளிக் கல்வி முடியும் வயதில் செக்றோலிற் பேர்பதியும் வயது தொடங்கிற்று. இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டங்களின் கீழ்ப் பள்ளிச் சான்றிதழ்களிற் கையெழுத்திடத் தெரியாது சிலுவைக் குறியிட்ட ஆசிரியர்களைப் பற்றி மார்க்ஸ் 'மூலதன'த்தில் எடுத்துக்காட்டுவது ஈண்டு நினைவுகூரற்பாலது. தோட்டத்திலோ, கற்பிக்கும் பொறுப்பைச் சட்டம் ஒப்படைத்தது பிள்ளையின் உழைப்பை எதிர்பார்த்து நின்ற துரைத்தனத்திடமேயாம்.

அக்குழந்தை எத்தகைய நிலையிற் பள்ளிக்கு வந்தது என்பதே எமக்கு முதன்மையானது. தாய் விடியலிற் பிரட்டுக்குப் போவாள். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் விடப்படும். அதற்கும் இயலாதவிடத்து மூத்த பெண்பிள்ளையே தாயாவாள். போதிய உணவின்றி, மலைக் குளிரில், லயத்தின் ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளை, எல்லா வகுப்புகளும் ஒரே ஆசிரியர்முன் அமர்ந்த ஓரறைக்கு வந்தது. அவ்வாசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் துரையே. அவரைக் குறைகூறுவதில் எமக்கு உடன்பாடில்லை. அவரும் அவ்வமைப்பின் கூலியாளரே. ஆயினும் அடிபட்ட, பசித்த, நோயுற்ற பிள்ளைக்காகத் துரையிடம் வாதிடும் வலு அவருக்கு இருந்ததில்லை. தம்பியைத் தூக்கிய இடுப்புடன் வீட்டில் நின்றுவிட்ட சிறுமி அவரது இடாப்பில் வெறும் வரவின்மைக் குறியாகவே எஞ்சினாள்.

1945 இன் இலவசக் கல்வி இந்நிலையைப் பெரிதும் மாற்றவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றோராக்கியது. உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்ற 1960-61 இலும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. பிள்ளையின் பொருட்டு அரசிடம் கேட்க வாக்குரிமையுள்ள தாய்தந்தையர் பெரும்பாலோர்க்கு இல்லாதொழிந்தமையையும் இதனையும் தொடர்பற்றனவாக எம்மாற் கருத இயலவில்லை. 1974 இல் உணவுத் தட்டுப்பாட்டினாற் தோட்டங்களில் இறப்புவீதம் கடுமையாக உயர்ந்தபோது, பசியால் நலிந்தவருள் முதல் வகுப்புக்குரிய பிள்ளைகளும் இருந்தனர்.

1970 களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. லயமும் பிள்ளைக்காம்பராவும் தோட்ட நிருவாகத்திடமே தங்கின. 1992 இல் அந்நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஐந்து வயது வரையான பிள்ளையின் பகற்பொழுதும் அவற்றோடு கைமாறிற்று.